இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் பழகுகிறேன்: திருப்பத்தில் வண்டி வெளியே ஓடுகிறது

கேள்வி (சேரன்மகாதேவி):
அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் கியர் வண்டி ஓட்டிய எனக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் வலக்காலை அழுத்தி ஊன்ற முடியாததால், பின்புறம் இரு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் பழகி வருகிறேன். நேர்ச்சாலையில் சிக்கல் இல்லை. இடப்புறம் திருப்பினால் மட்டும் வண்டி சொல்பேச்சுக் கேளாமல் சாலை நடுவுக்கு ஓடுகிறது. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புவதும் தெரிகிறது. குளத்துக்கரைச் சாலையிலோ ஹேண்டில் தானாகவே ஓரத்துக்கு இழுக்கிறது. பட்டறையில் கேட்டால், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார்கள். கோளாறு வண்டியிலா, என் கையிலா?

பதில் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, திருப்பத்தில் ஓடுவது கைப்பழக்கத்தால்தான். இருசக்கர வண்டியில் இடப்புறம் திரும்பும்போது, நம்மை அறியாமலேயே இடக் கைப்பிடியைச் சற்று முன்னால் தள்ளி வண்டியைச் சாய்க்கிறோம். இந்த வண்டி சாயாது. ஆகவே அதே தள்ளல் முன்சக்கரத்தை வலப்புறம் திருப்பிவிடுகிறது. இனி இடக் கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்து, வலக் கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள். உடலை மட்டும் உள்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், ஏனெனில் திருப்பத்துக்குள் பிரேக் பிடித்தால் எடை முன்னாலும் வெளிப்பக்கமும் சென்று உள்சக்கரம் இன்னும் எழும்பும். ஆளில்லாத மைதானத்தில் நடை வேகத்தில் எட்டுப் போட்டுப் பழகுங்கள். தடுமாறினாலும் காலைக் கீழே ஊன்றாதீர்கள்; பக்கச் சக்கரம் பாதத்தில் ஏறிவிடும்.

மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிவாக இருக்கும். அந்தச் சரிவோடு இந்த வண்டியும் சாய்வதால் ஹேண்டில் இழுக்கிறது. சமதரையிலும் இழுத்தால் இரு பக்கச் சக்கரங்களிலும் காற்றுச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் இழுத்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும், ஓட்டிச் சரியாகாது.

கேட்டவர்:
மிக்க நன்றி, தம்பி. மைதானத்தில் இப்போது திருப்ப வருகிறது. ஆனால் எங்கள் வாசல் பள்ளத்தில் நடுச்சக்கரம் (வண்டியின் சொந்தப் பின்சக்கரம்) வெறுமனே சுற்றுகிறது, வண்டி நகர மறுக்கிறது.

பதில் (மேலப்பாளையம், மெக்கானிக்):
எஞ்சின் விசை நடுச்சக்கரத்துக்கு மட்டுமே போகிறது. பக்கச் சக்கரங்களைத் தாழ்வாகப் பொருத்தியிருந்தால் பாரத்தை அவை தாங்கிக்கொள்ள, நடுச்சக்கரம் பிடிமானம் இழக்கும். நீங்கள் இருக்கையில் அமர்ந்த நிலையில் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஆளில்லாமல் பார்த்தால் அளவு தவறும். பல வண்டிகளில் பக்கச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேகத்தடையில் நேராக ஏறுங்கள். பள்ளத்தை ஒதுக்கும்போது முன்சக்கரம் தப்பினால் போதாது, பின்னால் வரும் அகலத்தையும் கணக்கில் வையுங்கள். அறுவடைக் காலத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் காயப்போட்டிருக்கும் நெல்லின் மேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால் வண்டி கோணலாக இழுபடும்.

பதில் (வள்ளியூர்):
ஒன்று விட்டுப்போயிற்று. கியர் வண்டி உரிமம் மட்டும் இதற்குப் போதாது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்று தனி வகையே இருக்கிறது. அதற்கான எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து, உங்கள் வண்டியிலேயே ஓட்டிக் காட்டலாம். சக்கரம் பொருத்திய விவரம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள்.