சார்பு சேனல்களைக் கட்சிகள் புறக்கணிப்பது சரியா?

தெற்குவாசல்:
2023 செப்டம்பரில் 'இந்தியா' கூட்டணி 14 டிவி நெறியாளர்களின் பெயரை வெளியிட்டு, இவர்கள் நடத்தும் விவாதங்களுக்கு எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்றது. அதை ஏன் பத்திரிகைச் சுதந்திரத்தின் மேல் தாக்குதல் என்றார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. யாரையும் கைது செய்யவில்லை, எந்த சேனலையும் மூடவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் உட்கார்ந்து திட்டு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆறாம்பத்தி:
பெயர் குறித்துப் பட்டியல் போடுவதே மிரட்டல்தான் நண்பரே. 2003-ஐ மறக்காதீர்கள். ஜெயலலிதா ஆட்சியில் தமிழகச் சட்டமன்றம், உரிமை மீறல் என்று சொல்லி 'தி இந்து' ஆசிரியர்களுக்கு 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. அதன் தலையங்கத்தைத் தமிழில் போட்டதற்காக 'முரசொலி' ஆசிரியருக்கும் அதே 15 நாள். ஒன்று கட்சிப் பத்திரிகை, இன்னொன்று இல்லை. அடி இரண்டுக்கும் ஒன்றாகத்தான் விழுந்தது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் தப்பித்தார்கள்.

தெற்குவாசல்:
அங்கே தண்டித்தது சட்டமன்றம், தேடிப் போனது போலீஸ். இங்கே கட்சிகள் தங்கள் ஆட்களை அனுப்பவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆறாம்பத்தி:
அந்தக் கூட்டணிக் கட்சிகள் அப்போதே பல மாநிலங்களில் ஆட்சியில் இருந்தன. கட்சி எங்கே முடிகிறது, அரசு எங்கே தொடங்குகிறது?

பிசிஆர்க்காரன்:
ஒரு செய்தி சேனலின் கன்ட்ரோல் ரூமில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். சேனல் பெயர் வேண்டாம். விருந்தினர் பேசும்போது மைக் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் கையில் இருந்தது. "அவரைக் கொஞ்சம் இறக்கு" என்று உத்தரவு வரும், இறக்குவோம். வீட்டில் பார்ப்பவருக்கு அந்த மனிதர் பதில் இல்லாமல் திணறுவதுபோலத் தெரியும். கீழே ஓடும் வரியை விவாதம் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுவார்கள். தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு. அப்படிப்பட்ட மேடைக்கு வரமாட்டேன் என்பவரை நான் குறை சொல்லமாட்டேன். சன் டிவி, ஜெயா டிவி காலத்தில் எந்த சேனல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கேற்பக் கழித்துக்கொண்டு பார்த்தோம். நடுநிலை என்று பலகை மாட்டிக்கொண்டு இதைச் செய்வதுதான் கொடுமை.

ஆறாம்பத்தி:
நீங்கள் சொல்வது வலிக்கிறது, நம்புகிறேன். ஆனாலும் மருந்து இதுவல்ல. 2009-ல் ஒபாமா நிர்வாகத்துக்கும் ஃபாக்ஸ் நியூஸுக்கும் கடும் மோதல். அது செய்தி நிறுவனமே இல்லை, எதிர்க்கட்சியின் ஒரு பிரிவு என்றே வெள்ளை மாளிகை அதிகாரிகள் பேசினார்கள். அந்த அக்டோபரில் கருவூலத் துறை அதிகாரி ஒருவரின் பேட்டிக்கு ஃபாக்ஸை மட்டும் விட்டுவிடப் பார்த்தார்கள். மற்ற நெட்வொர்க்குகள் அது இல்லாமல் நாங்களும் வரமாட்டோம் என்றன. 2018-ல் டிரம்ப் வெள்ளை மாளிகை சிஎன்என் நிருபர் ஒருவரின் அனுமதி அட்டையைப் பறித்தபோது, சிஎன்என் தொடுத்த வழக்கை அதே ஃபாக்ஸ் ஆதரித்தது. நீதிமன்றம் அட்டையைத் திருப்பித் தரச் சொன்னது. எதிராளி சேனலுக்காக நிற்கும் அந்தப் பழக்கம் நம் ஊரில் எங்கே?

தெற்குவாசல்:
நீங்கள் சொன்ன இரண்டிலுமே கதவை அடைத்தது அரசாங்கம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகம் எல்லா நிருபருக்கும் பதில் சொல்லியாக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலையாளச் செய்தி சேனல் மீடியா ஒன்னின் வழக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அரசின் கொள்கையை விமர்சிப்பதாலேயே ஒரு சேனலை ஆட்சிக்கு எதிரானது என்று சொல்லிவிட முடியாது என்றது. ஒரு நெறியாளர் நடத்தும் விவாதத்துக்குக் கட்சிக்காரர் போகாமலிருப்பது அந்த ரகம் இல்லை.

பிசிஆர்க்காரன்:
ஆறாம்பத்தி ஐயா கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். கட்சி எங்கே முடிகிறது என்பது விளம்பரத்தில் தெரியும். பட்டியல் போட்ட கட்சி தான் ஆளும் மாநிலத்தில் அந்த சேனலுக்கு அரசு விளம்பரத்தையும் நிறுத்தினால், அது புறக்கணிப்பு இல்லை, தண்டனை. விளம்பரம் நின்றால் முதலில் வேலை போவது நெறியாளருக்கு அல்ல. என்னைப்போல உள்ளே பட்டன் அழுத்துகிறவனுக்கு.

தெற்குவாசல்:
விளம்பரம் பற்றிச் சொன்னது உறைத்தது அண்ணே. அதில் நான் உங்கள் இருவர் பக்கமும்தான். 14 பேர் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.