மலேசியாவின் பினாங்கு 50 ஆண்டாக சிப் தொழிலில் இருக்கிறது. தைவான் போல ஏன் ஆகவில்லை?

மேட்டுத்தெரு:
1972ல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் மலேசியாவின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் (ஏற்றுமதி ஆலைகளுக்குச் சுங்க வரி விலக்கு தரும் இடம்) வந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு அசெம்பிளி ஆலையை அதே ஆண்டு அங்கே போட்டது. இன்று உலகின் சிப் பேக்கேஜிங், டெஸ்டிங்கில், அதாவது தயாரான சிப்பை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில், சுமார் 13% மலேசியாவில் நடக்கிறது. ஆனால் உலகமே அறிந்த ஒரு மலேசிய சிப் நிறுவனத்தைச் சொல்லுங்கள் என்றால் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. உலக உற்பத்திச் சங்கிலியில் சேர்ந்தால் நாட்டின் தொழில் தானாக வளரும் என்பது பொய். இதுதான் என் கட்சி.

பினாங்குவாசி:
பொய் என்று ஒரே அடியாகத் தள்ளாதீர்கள் ஐயா. 1969ல் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்து போனபின் இங்கே வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எழுபதுகளில் ஃபேக்டரிக்குப் போய், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பியை சிப்பில் ஒட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து டெஸ்ட் எஞ்சினியர் ஆனேன். இது வளர்ச்சி இல்லையா?

மேட்டுத்தெரு:
உங்கள் அம்மாவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. ஆனால் தைவானும் இப்படித்தான் ஆரம்பித்தது; காவ்சியுங் ஏற்றுமதி வலயம் 1966லேயே வந்துவிட்டது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. 1973ல் அரசே ஒரு தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1976ல் அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியிடம் காசு கொடுத்து சிப் தயாரிக்கும் முறையை வாங்கி, பொறியாளர்களை அங்கேயே அனுப்பிப் பழக்கினார்கள். அதிலிருந்து 1980ல் யுஎம்சி, 1987ல் டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிப்பு நிறுவனங்கள் பிறந்தன. டிஎஸ்எம்சியின் மூலதனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அரசுப் பணம்.

தராசு:
அரசு மூலதனம் போட்டால் போதுமா? பக்கத்துக் கெடா மாநிலத்தின் குலிமில் சில்டெர்ராவும் மலேசிய அரசின் பணத்தில் எழுந்த சிப் ஆலைதான். ஆண்டுக்கணக்கில் நஷ்டம், கடைசியில் 2021ல் விற்றார்கள். டிஎஸ்எம்சியைத் தொடங்க, அமெரிக்க சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 ஆண்டு பழுத்த மோரிஸ் சாங் தைவானுக்குக் கிடைத்தார். இங்கே படித்த பிள்ளைகள் பலர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். அப்புறம் இன்னொன்று. ‘இத்தனை விழுக்காடு உள்ளூர்ச் சரக்கு வாங்கு’ என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த அன்றைக்கு முடிந்தது. 1995ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபின் அதற்கு வழியில்லை. தைவான் ஏறிய ஏணி இப்போது கிடைக்காது.

பினாங்குவாசி:
இங்கே எதுவுமே முளைக்கவில்லை என்பதும் சரியில்லை. பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு உதிரி செய்துகொடுத்த சின்னப் பட்டறைகள் சில நன்றாகவே வளர்ந்தன. பென்டாமாஸ்டர், விட்ராக்ஸ் இரண்டும் இந்த ஊர் நிறுவனங்கள். சிப்பைச் சோதிக்கும் இயந்திரங்களையே செய்து ஏற்றுமதி செய்கின்றன. 1989ல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கிய திறன் பயிற்சி மையத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் இருந்த ஆலையில் டிசைன் எப்போதும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். ‘ஏன் இந்த அளவு?’ என்று கேட்டால் ‘அது உன் வேலை இல்லை’ என்பார்கள். பதினெட்டு வருஷம் இதே பதில்தான். இன்றும் மனசு ஆறவில்லை.

மேட்டுத்தெரு:
நான் சொல்ல வந்ததும் அந்த ‘ஏன்’தான். ஐபோன் 3ஜியின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் கோத்துக் கொடுத்ததற்குக் கிடைத்தது 6.50 டாலர். அந்த ஆறரை டாலரோடு சீனா நின்றிருந்தால்?

தராசு:
சீனாவுக்குப் பெரிய சந்தை இருந்தது, பேரம் பேசியது. சின்ன நாடு முறுக்கினால் கம்பெனி மூட்டையைக் கட்டிவிடும். முறுக்காவிட்டாலும் போகும். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் திறந்த நோக்கியா ஆலை 2014ல் மூடியதை மறந்துவிட்டீர்களா?

மேட்டுத்தெரு:
மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், ஆலை போனபின் ஊரில் என்ன மிச்சம்? உள்ளூர்ச் சரக்கை வாங்கச் சொல்லத்தான் தடை. ஆய்வுக்கூடம் கட்டவோ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு டிசைன் சொல்லிக்கொடுக்கவோ யாரும் தடை போடவில்லையே.

பினாங்குவாசி:
அதைச் செய்யச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் ஆலை வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். என் அம்மா திரும்பத் தோட்டத்துக்குத்தான் போயிருப்பார்.