செம்பனைக்கு நடுவில் பூங்கா எதற்கு?

மூன்றாம் மாடி:
நம் அடுக்குமாடிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடையில் சும்மா கிடக்கும் பழைய ரப்பர் தோட்டத் திடலைப் பற்றிய பேச்சு இது. அங்கே மண்டபமும் கார் நிறுத்துமிடமும் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மரமும் நடைபாதையும் வேண்டும் என்று நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துக்கு வருவதற்கு முன் உங்கள் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள்.

குலை லாரி:
ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். இதற்கு மேலும் பச்சை வேண்டுமா? கோலாலம்பூர்க்காரன் மூச்சுத் திணறிப் பூங்கா கேட்கிறான், நியாயம். நமக்கு வேண்டியது மண்டபம். கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை எல்லாவற்றுக்கும் அடுத்த ஊரில் வாடகை கட்டி மாள்கிறோம்.

கிளினிக் தாதி:
அண்ணா, அந்தப் பச்சைக்குள் காலாற நடந்து பார்த்திருக்கிறீர்களா? வாயிலில் தடுப்புக் கம்பம், பக்கத்தில் காவலர். அதைத் தாண்டினால் வெட்டிப் போட்ட மட்டைகள் வரிசையாகக் கிடக்கும், முள் கெண்டைக்காலைக் கிழிக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மருந்தடித்த நாளில் பக்கத்தில் நிற்கவே முடியாது. கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அது நம் பச்சை ஆகிவிடுமா?

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நடங்கள் அம்மா" என்று நான் சொன்னால், "எங்கே நடப்பது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பெரிய சாலையின் ஓரத்தில் நடந்தால் குலை ஏற்றிய லாரி உரசிக்கொண்டு போகிறது. உங்களுடையதும் சேர்த்துத்தான்.

குலை லாரி:
என் லாரி யாரையும் உரசியதில்லை, தங்கச்சி. இனிப்புநீர் வந்தது நடக்காததாலா, நாளுக்கு நாலு குவளை தே தாரிக், அந்த இனிப்புப் பால் தேநீரைக் குடித்ததாலா? அதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
பூங்காக் கட்சிக்காரர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இங்கிலாந்தின் 2019 ஆய்வு. ஏறக்குறைய 20,000 பேரைக் கேட்டார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள், உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். சரி. ஆனால் நலமாக இருப்பவன்தானே பூங்காவுக்குப் போகிறான்? முட்டி வலிக்காரன் வீட்டில் இருக்கிறான். எது காரணம், எது விளைவு என்று அந்தக் கணக்கில் தெரியாது. அதோடு, இங்கிலாந்து வெயிலும் நம் ஊர் மதிய வெயிலும் ஒன்றா?

மூன்றாம் மாடி:
சார், இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பாழாய்க் கிடந்த 541 மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் குப்பையை அள்ளி, நிலத்தைச் சமன் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். இரண்டாவதில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதைத் தொடவேயில்லை. 2018இல் முடிவு வெளியானது. தொடாமல் விட்ட இடங்களோடு ஒப்பிட்டால், பசுமையாக்கிய மனைகளின் அக்கம்பக்கத்தில் மனச்சோர்வாக உணர்கிறோம் என்று சொன்னவர்கள் 41.5 விழுக்காடு குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

நாம் கோத்தோங் ரோயோங், அதாவது ஊர்கூடிச் செய்யும் வேலை, என்ற பெயரில் குப்பை அள்ளிப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அது இந்த இரண்டாவது பிரிவுதான்.

கணக்கு வாத்தியார்:
குலுக்கல் என்றால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நல்ல ஆய்வு. ஆனாலும் அது மக்கள் தங்கள் வாயால் சொன்ன மனச்சோர்வு. இனிப்புநீர் குறைந்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. இன்னொன்று, அந்த மனைகளில் புல்லைத் தவறாமல் வெட்டிப் பராமரித்தார்கள். இங்கே விளையாட்டு மைதானத்துச் சறுக்குமரத்தில் துளை விழுந்து, துரு ஏறி, அதன் மேல் கொடி படர்ந்திருக்கிறது. போய்ப் பாருங்கள்.

இரவு ஷிப்ட்:
பூங்கா கேட்பவர்கள் எல்லாம் காலையில் நடக்க நேரம் உள்ளவர்கள். தொழிற்சாலை பஸ் என்னை இறக்கிவிடும்போது இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். அந்தத் திடலைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். இப்போதே ஓரத்தில் சம்சு என்கிற மலிவு சாராயப் போத்தலோடு நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் புதரும் பெஞ்சும் வைத்துக்கொடுத்தால் அவர்களுக்குத்தான் வசதி. டெங்கியை ஏன் யாரும் பேசவில்லை? ஏடிஸ் கொசு விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கடிக்கும். நீங்கள் நடக்கப்போகும் நேரமும் அதுவே.

கிளினிக் தாதி:
கொசு நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அக்கா. ஆனால் அது முட்டையிடுவது புல்தரையில் இல்லை. வீசியெறிந்த பிளாஸ்டிக் குவளை, டயர், பூச்சட்டித் தட்டு என்று தேங்கிய நீர் உள்ள இடத்தில்தான். இப்போது அந்தத் திடலில் எத்தனை டயர் கிடக்கிறது? மண்டபம் கட்டினாலும் கூரை ஓடையில் நீர் தேங்கத்தான் செய்யும்.

புதர் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஈயம் தோண்டிய குழிகளை 1880இல் பூங்காவாக்கிய இடம் அது. சாலைக்கு மேலே வளைந்து, கிளை ஏரி நீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. அடியில் பார்வையை மறைக்க ஒன்றும் இல்லை. உயரமான மரமும் வெட்டிய புல்லும் இருந்தால் ஆளை ஆள் பார்க்கலாம்.

குலை லாரி:
தைப்பிங்கில் பெய்யும் மழை எவ்வளவு, நம் ஊரில் எவ்வளவு! மரம் வளர்ந்து நிழல் விழுவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். தோட்டம் இருந்த காலத்தில் அந்தத் திடலில் நானும் பந்து உதைத்தவன். ரப்பர் பால் நிறுத்து முடிந்த பிறகு, சாயங்காலம் ஆண்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடப்போம். அன்றைக்கு யாரும் மனநலம் என்று பெயர் வைக்கவில்லை. மண்டபத்தைச் சாலையை ஒட்டிக் கட்டுங்கள், பின்னால் பந்து விளையாட இடம் விடுங்கள். அப்போது வருகிறேன்.

இரவு ஷிப்ட்:
பந்து விளையாட ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், சரி. அந்த நேரத்தில் பெண்பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், அண்ணா?

மூன்றாம் மாடி:
மனுவைத் திருத்துகிறேன். விளக்கு முதலில், அதன் பிறகு மரம். புதர் கிடையாது. மண்டபத்தைச் சேர்க்க மாட்டேன். பாதித் திடல் போனால் சுற்றி நடக்கப் பாதையே மிஞ்சாது.

கணக்கு வாத்தியார்:
புல்லை யார் வெட்டுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, பணம் எந்தக் கணக்கிலிருந்து என்று மூன்று வரி எழுதுங்கள். அது இல்லாத தாளை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

குலை லாரி:
மண்டபம் இல்லாத தாளை என் வீட்டுக்கும்.