மே மாதத்தில் காரில் கொடைக்கானலும் மூணாறும்: ஏரிகளையும் அருவிகளையும் எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நானும் கணவரும், பன்னிரண்டு வயது மகளும் ஏழு வயது மகனும், எழுபதைத் தாண்டிய என் மாமியாருமாக ஐந்து பேர், சொந்தக் காரிலேயே மலைப்பயணம் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அருவியில் குளிக்க வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. மாமியாருக்கோ எங்காவது ஓர் ஏரிக்கரையில் வெயில் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இதுதான். முதல் நாள் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போய், வெள்ளி நீர்வீழ்ச்சியையும் கரடிச்சோலை அருவியையும் பார்ப்பது. இரண்டாம் நாள் பேரிஜம் ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போவது. வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே தூரம் மிகவும் குறைவாகத் தெரிகிறது. மூன்றாம் நாள் மாட்டுப்பட்டி, குண்டளை ஏரிகள். நான்காம் நாள் சீயப்பாறை, வாளறை அருவிகள். ஐந்தாம் நாள் போடிமெட்டு இறங்கி மேகமலை. ஆறாம் நாள் சுருளியிலும் கும்பக்கரையிலும் குளித்துவிட்டு வீடு திரும்புவது.

இந்த வரிசை சரிதானா? மே மாதத்தில் இந்த அருவிகளில் தண்ணீர் இருக்குமா? என் கணவர் பத்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார், ஆனால் மலைப்பாதையில் ஓட்டியதில்லை. பயணத்தை ஜூனுக்குத் தள்ளிவைப்பது நல்லது என்றால் அதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (தேனி)

வணக்கம், சகோதரி. முதலில் அவசரமாகத் திருத்த வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேரிஜத்திலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போகும் பாதை 1990-இலேயே மூடப்பட்டுவிட்டது. வரைபடத்தில் கோடு இருக்கும், நிலத்தில் பாதையின் தடமும் இருக்கும், ஆனால் அது காட்டுக்குள் இருக்கிறது. பொதுமக்களின் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குப் போக வேண்டுமானால், பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மீண்டும் ஏற வேண்டும். ஏறத்தாழ 185 கிலோமீட்டர். இரண்டு மலைப்பாதைகள் இருப்பதால் பெரியவரோடு போகும்போது அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் அருவிக்கென்று ஒரே பருவம் கிடையாது. மூணாறு, அடிமாலிப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில்தான் நிறைகிறது. சீயப்பாறையும் வாளறையும் அப்போதுதான் சாலையோரத்தில் ஆர்ப்பரித்து விழும். பழனி மலைத்தொடருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. கொடைக்கானல் அருவிகளின் முழு உருவத்தை அப்போதுதான் காணலாம். நீங்கள் போகும் மே மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வறண்ட காலம். கோடை மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தால் அருவிகளுக்கு உயிர் வரும், இல்லையென்றால் கரடிச்சோலையில் ஈரப் பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். ஆகவே ஏரிகளை வைத்து நாட்களைத் திட்டமிடுங்கள். அருவிகளை வழியில் கிடைத்தால் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீயப்பாறைக்காக மூணாறிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இறங்கி, அதே பாதையில் திரும்பி ஏறுவதை இந்த முறை விட்டுவிடலாம். மேகமலையையும் விட்டுவிடுங்கள், சின்னமனூரிலிருந்து அத்தனை வளைவுகள் ஏறிப்போய் அன்றைக்கே இறங்குவதில் பயனில்லை, அங்கே ஓர் இரவு தங்க வேண்டும்.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. அது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர். 180 அடி உயரத்திலிருந்து சாலையோரத்திலேயே விழுகிறது. மழை இல்லாத நாளிலும் ஓரளவு நீர் இருக்கும், ஆனால் ஊரைக் கடந்து வரும் நீர் என்பதால் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான், குளிக்க உகந்ததல்ல. பிள்ளைகளை அங்கே நிறுத்தி, "நாளைக் காலையில் நாம் சுற்றப்போகும் ஏரியின் தண்ணீர்தான் இது" என்று சொல்லுங்கள். மறுநாள் ஏரியைப் பார்க்கும்போது அவர்களாகவே தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று தேடுவார்கள். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863-இல் சதுப்பு நிலத்தில் கரை கட்டி உருவாக்கிய ஏரி அது. சுற்றுச்சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் நீர்மேல் பனி எழும்பிக் கொண்டிருக்கும், குதிரைகளும் வாடகை மிதிவண்டிகளும் இன்னும் வந்திருக்கமாட்டா. உங்கள் மாமியாருக்கு உரிய நேரம் அதுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடைக்கானலில் மூன்று இரவுகள் தங்குவேன். இரண்டாம் நாள் காலை பேரிஜம். அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள், யானைகள் நடமாடினால் அன்றைக்கு யாருக்குமே அனுமதி இல்லை. அங்கே படகு கிடையாது, கடை கிடையாது. பெரியகுளத்திற்குக் குடிநீர் தரும் ஏரி அது. அந்த அமைதிக்காகத்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் பூம்பாறை வழியாக மன்னவனூர். பூம்பாறையில் படிப்படியான வயல்களைப் பார்த்துவிட்டு, மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பல் சிறியது, காரம் பெரியது. மன்னவனூர் ஏரியைச் சுற்றிப் புல்வெளிதான், கூட்டமும் குறைவு. பிள்ளைகள் ஓடி விளையாட அதைவிட நல்ல இடம் அந்த மலையில் இல்லை என்பது என் கருத்து.

நான்காம் நாள் விடியற்காலையில் பழனிக்கு இறங்குங்கள். பாதையின் கீழ்ப்பகுதியில் வரதமாநதி அணையும் தொலைவில் பழனிக் கோவிலும் ஒருசேரத் தெரியும். உடுமலை தாண்டி ஒன்பதாறு சோதனைச்சாவடியை மதியம் இரண்டு மணிக்குள் கடந்துவிட வேண்டும். அதற்கப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் சின்னாறு சரணாலயமும். இருட்டிய பிறகு வண்டிகளை விடமாட்டார்கள், நடுவில் இறங்கி நிற்கவும் கூடாது. மறையூரில் கரும்பு வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் மாவு தடவிக்கொண்டு உருட்டி உருட்டிப் போடுவார்கள். கேட்டால் இளஞ்சூட்டோடு ஓர் உருண்டை பிள்ளைகள் கையில் வைப்பார்கள். அதற்கு மேலே லக்கம் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. இரவிகுளம் பக்கத்திலிருந்து வரும் ஓடை என்பதால், கோடையில் இந்த வழியில் தண்ணீர் இருப்பதற்கு வாய்ப்புள்ள அருவி அதுதான்.

ஐந்தாம் நாள் மாட்டுப்பட்டியும் குண்டளையும். மே மாதத்தில் இரண்டிலும் நீர்மட்டம் இறங்கி, கரையில் செம்மண் தெரியும். படங்களில் பார்த்த நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆறாம் நாள் ஆனையிறங்கல், பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினால் மதியத்திற்குள் தேனி.

மறுமொழி 2 (வத்தலக்குண்டு, சுற்றுலா வண்டி ஓட்டுநர்)

மேலே எழுதிய ஐயா பயண வரிசையைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் இருபது ஆண்டுகளாக இந்தப் பாதைகளில் ஓட்டுகிறேன் என்பதால், வண்டி ஓட்டப்போகும் உங்கள் கணவருக்கு மட்டும் சில வார்த்தைகள்.

சமவெளியில் பத்து ஆண்டு ஓட்டியவருக்கு மலை ஏறுவது பெரிய காரியமல்ல. இறங்குவதில்தான் தவறு நடக்கிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இரண்டாவது கியரில் விட்டால் வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். ஓட்ட ஆரம்பித்த முதல் வருடத்தில், டீசல் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பழனிப் பாதையில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் கருகிய வாடை அடித்தது, மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சுவர் பக்கமாக அணைத்து நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு என்ன நடந்தது என்றுகூடத் தெரியாது. இன்றைக்கும் அந்த வளைவைக் கடக்கும்போது கை தானாக கியர்க் கம்பிக்குப் போகிறது. கருகிய வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இறங்கும்போது டி-யிலேயே விடாமல் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். பேருந்து வளைவை முழுவதும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். அது திரும்பி முடிக்கும் வரை வளைவுக்கு முன்பே நில்லுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமே போதும்.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. ஆகவே தேதி முடிவானதும் முதலில் அதைச் செய்யுங்கள், சனி, ஞாயிறு ஏறுவதைத் தவிருங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களும் குளிர்பான பாட்டில்களும் மேலே கொண்டுபோகக் கூடாது, சோதனையில் பிடித்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் குடுவைகளில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பின்னால் உட்கார்ந்தால் குமட்டல் அதிகம் வரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூடப்பட்ட பாதையை நம்பி ஒரு முழு நாளையே போட்டிருந்தேன். கணவரிடம் மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்மலைப் பாதையிலும் சிறுமலைப் பாதையிலும் ஓட்டிப் பழகிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிள்ளைகளிடம் அருவியில் குளிக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கும்பக்கரையையாவது கடைசி நாளில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது குளிப்பதற்காகப் பயணத்தையே ஜூனுக்கு மாற்றலாமா?

மறுமொழி 3 (பெரியகுளம்)

கும்பக்கரை எங்கள் ஊர் அருவி, பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஜூனுக்கு மாற்ற வேண்டாம். பள்ளி திறக்கும் நேரம் என்பது ஒருபுறம் இருக்க, அப்போது மூணாறு மலையில் மழை கனத்து, மண்சரிவும் பனிமூட்டமும் வயதானவரோடு போகிறவர்களை அறைக்குள்ளேயே முடக்கிவிடும். மே மாதத்திலேயே போங்கள், கும்பக்கரையையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

எங்கள் அருவிக்குத் தண்ணீர் கொடைக்கானல், வட்டக்கானல் பக்கத்து மழையிலிருந்து வருகிறது. பெரியகுளத்தில் வெயில் பளிச்சென்று காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே இடி மழை பெய்யும், அந்த வெள்ளம் எந்த அறிவிப்பும் இல்லாமல் இங்கே வந்து இறங்கும். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்கிறது. அதனால் குளிப்பதைக் காலையில் முடித்துவிடுவதே பாதுகாப்பு. ஆறாம் நாள் மூணாறிலிருந்து நேராக வந்தால் பிற்பகல் ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஐந்தாம் நாள் மாலையே போடிமெட்டு இறங்கித் தேனியில் தங்கி, மறுநாள் காலை அருவி திறந்ததும் வந்துவிடுங்கள்.

குளிக்கும்போது தண்ணீரின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தெளிவாக ஓடும் நீர் லேசாகக் கலங்கி, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால், சோப்பு, துண்டு எதையும் எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு என் கண் முன்னாலேயே, கணுக்காலளவு ஓடிய இடத்தில், வனக்காவலர் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டி முடிப்பதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவனை இழந்தோம். அதுவும் நீங்கள் போகிற அதே மாதம்தான். பாறைகளுக்கு நடுவில் 'கெஜம்' என்று நாங்கள் சொல்லும் ஆழமான குழிகள் உண்டு, மேலே நீர் அமைதியாகத் தெரியும். வனத்துறை கட்டியிருக்கும் கம்பிக்கு உட்புறம் மட்டும் குளியுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தாலும் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாட அது போதும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். திட்டத்தை மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கொடைக்கானலில் மூன்று இரவு, மூணாறில் ஓர் இரவு, தேனியில் ஓர் இரவு, சனிக்கிழமை காலை கும்பக்கரை. மாட்டுப்பட்டியை மட்டும் காலையில் பார்த்துவிட்டுக் குண்டளையை விட்டுவிடுகிறோம். அன்று அருவி மூடியிருந்தால் பிள்ளைகளை ஆடி மாதத்தில் ஒரு நாள் குற்றாலத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். தேனியில் கார் நிறுத்தும் வசதியோடு, மாமியாருக்காகத் தரைத்தளத்தில் அறை கிடைக்கும் விடுதி ஏதேனும் தெரிந்தால் தெரிவியுங்கள்.