பலதார மணம் புரியும் மார்மன் குடும்பத்துப் பெண்ணை வீட்டோடு கட்டிப்போடுவது எது?

மந்தைவெளி வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புப் பெண்கள் நடத்தும் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் பலதார மணத்தைக் கடைப்பிடிக்கும் அடிப்படைவாத மார்மன் (கிறித்தவத்திலிருந்து கிளைத்த ஒரு சமயப் பிரிவு) குடும்பங்களைப் பற்றிப் பேச இருக்கிறோம். முன்கூட்டியே நடந்த உரையாடலிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. அவர்கள் மூளைச்சலவைக்கு ஆளானவர்கள் என்கிறது ஒரு தரப்பு. வயது வந்த பெண்கள் விரும்பி வாழ்ந்தால் நமக்கென்ன என்கிறது மறுதரப்பு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகளாக எனக்குப் படுகின்றன. அந்த வீட்டில் ஒரு பெண்ணின் அன்றாடம் எப்படிக் கழிகிறது, வெளியேற நினைத்தால் அவளைத் தடுப்பது எது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். சென்னையிலேயே மார்மன் சபைக்குச் செல்லும் ஒரு தோழியையும் இந்தக் கணக்கில் சேர்த்து ஒருவர் பேசியது சங்கடமாக இருந்தது. அதற்கும் தெளிவு வேண்டும்.

பெரம்பூர் நூலகர் (ஓய்வு):

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் தோழியின் சபைக்கும் இதற்கும் இன்று தொடர்பில்லை. ஜோசப் ஸ்மித் 1830இல் நிறுவிய அந்தச் சபை பலதார மணத்தை 1852இல் பகிரங்கமாக அறிவித்தது. நடுவண் அரசின் நெருக்கடி முற்றியபோது 1890இல் கைவிடுவதாக அறிக்கை விட்டது. இப்போது அவ்வாறு மணம் செய்பவர்களைச் சபையிலிருந்தே நீக்கிவிடுகிறது. கைவிட மறுத்தவர்களின் வழிவந்த குழுக்களுள் ஒன்றே நீங்கள் கேட்கும் அடிப்படைவாதச் சபை. அதன் மையம் ஷார்ட் கிரீக். மாநில எல்லையின் இருபுறமும் ஒட்டிக்கிடக்கும் ஹில்டேல், கொலராடோ சிட்டி என்ற இரட்டை ஊர்களுக்கு வழங்கும் பழைய பெயர் அது.

இனி வீட்டுக்குள் வருவோம். அங்கே பெண் பார்க்கும் படலம் கிடையாது. எந்தப் பெண் யாருக்கு என்பதைச் சபைத் தலைவரே இறைவனின் கட்டளையாக அறிவிப்பார். ஒவ்வொரு மனைவிக்கும் தனி அறை இருக்கும். சமையலும் துணி துவைப்பதும் முறைவைத்து நடக்கும். பிள்ளைகள் எல்லா மனைவியரையும் அம்மா என்ற அடைமொழியோடு பெயர் சொல்லி அழைப்பார்கள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய வெளிர்நிற உடை, நெற்றிக்கு மேலே உயர்த்திச் சீவிப் பின்னிய கூந்தல் என்பது பெண்களுக்கான ஒழுங்கு. பிற்காலத்தில் சிவப்பு நிறமும் விலக்கப்பட்டது. கோபமோ வருத்தமோ முகத்தில் தெரியாமல் இனிமையாக இருக்க வேண்டும் என்று சிறுவயது முதலே பழக்குவார்கள். மனைவியருக்குள் பொறாமை உண்டு. உண்மையான தோழமையும் உண்டு. வெளியேறிய பெண்கள் எழுதியவற்றில் இரண்டையுமே காணலாம்.

ஆனால் கட்டிப்போடும் கயிறு எது என்று கேட்டால், நம்பிக்கைக்குச் சமமாக வீட்டுமனையையும் நான் சொல்வேன். அவ்வூரின் நிலமும் வீடுகளும் 1942இல் அமைக்கப்பட்ட, சபையின் பிடியில் இருந்த அறக்கட்டளை ஒன்றின் பெயரில் இருந்தன. உழைத்துக் கட்டியவன் பெயரிலேயே பட்டா இல்லாத ஊரில் அவன் மனைவிக்கு என்ன இருக்கும்? தலைவரின் மனம் கோணினால் கணவனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, மனைவியரையும் பிள்ளைகளையும் வேறொருவனுக்கு ஒப்படைக்கவும் முடிந்தது. 2004 ஜனவரியில் அப்போதைய சபைத் தலைவர் வாரன் ஜெஃப்ஸ் சுமார் 20 ஆண்களை இப்படி ஒரே நேரத்தில் விலக்கினார். ஆணுக்கே அந்த நிலை என்றால், தானாக வெளியேறும் பெண் எதை விட்டுப்போக வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: தலைக்கு மேல் கூரை, பெற்றோர், உடன்பிறந்தோர், சில வேளைகளில் பெற்ற பிள்ளைகளும்கூட.

சைதாப்பேட்டை வழக்கறிஞர்:

பெரியவர் சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவனின் முதல் மணம் மட்டுமே அரசுப் பதிவில் ஏறும். மற்ற மனைவியர் பதிவேட்டில் தனித்து வாழும் தாய்மார்களே. அரசின் உணவு உதவித்தொகைக்கு அவர்கள் தகுதி பெற்றார்கள். ஆனால் அந்த உதவியும் சபையின் பொதுக் களஞ்சியத்துக்குத் திருப்பப்பட்டதாக 2016இல் 11 பேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவள் பெயரில் வந்த அரிசி பருப்புகூட அவள் கைக்கு வந்ததா என்பது கேள்விக்குரியது.

நம் ஊரின் சின்ன வீட்டோடு இதை ஒப்பிடுவார்கள். தெருவுக்கே தெரிந்தும் யாருக்கும் தெரியாததுபோல் நடிக்கப்படும் ஏற்பாடு நம்முடையது. அங்கே எல்லா மனைவியரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், சபையறிய அமர்பவர்கள். ஆனாலும் நீதிமன்றப் படியேறினால் இருவர் கையிலும் காகிதம் இல்லை. இந்துக்களின் இருதார மணத்தைச் சென்னை மாகாணம் 1949லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. 1955இன் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்குமாக்கியது. விளைவு, இரண்டாவதாக மணந்தவளுக்குச் சட்டப்படி மனைவி என்ற நிலை இல்லை. அவள் பிள்ளைகளுக்கு மட்டும் 16ஆம் பிரிவு முறையான பிள்ளைகள் என்ற தகுதியைத் தருகிறது. தடைச் சட்டம் தேவைதான். ஆனால் அதை மீறியவனைவிட, அவனை நம்பி வந்தவளே அதிகம் இழக்கிறாள் என்பதை என் மேசைக்கு வரும் கட்டுகளில் தொடர்ந்து பார்க்கிறேன். யூட்டா 2020இல் வயது வந்தோர் மனமொப்பிச் செய்யும் பலதார மணத்தைப் பெருங்குற்றப் பட்டியலிலிருந்து இறக்கிச் சிறு மீறலாக்கியது. கொடுமைக்கு ஆளானவள் தானே குற்றவாளியாகிவிடுவோம் என்று அஞ்சாமல் காவல் நிலையத்துக்கு வரட்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

விருப்பம் பற்றிய வாதத்துக்கு ஒரு வரி போதும். 2001இல் அங்கே மணமுடித்து வைக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு வயது 14. அந்த வயதில் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மந்தைவெளி வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவும் தெரிந்தும் அரசு ஏன் தலையிடவில்லை என்று கூட்டத்தில் நிச்சயம் கேட்பார்கள்.

பெரம்பூர் நூலகர் (ஓய்வு):

தலையிட்டது, அம்மா, தலையிட்ட முறைதான் பிழையானது. 1953 ஜூலை 26 அன்று அரிசோனா காவலர்கள் ஷார்ட் கிரீக்கைச் சுற்றிவளைத்து 263 பிள்ளைகளை எடுத்துச் சென்றார்கள். பிள்ளைகளைப் பிரிக்கும் படங்களைக் கண்டு நாடு தாய்மார் பக்கம் சாய்ந்தது, ஆளுநர் அடுத்த தேர்தலில் தோற்றார், பிள்ளைகள் திரும்பினார்கள், அதன்பின் பல பத்தாண்டுகள் அதிகாரிகள் அப்பக்கம் போகவே தயங்கினார்கள். 2008இல் டெக்சாஸில் இச்சபையின் பண்ணை ஒன்றிலிருந்து 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதைத் தூண்டிய தொலைபேசி அழைப்பு பொய்யானது. மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அவர்களும் வீடு திரும்பினார்கள். வெளியுலகம் பிள்ளை பிடிக்க வரும் என்று சபைத் தலைவர்கள் சொல்லிவந்ததற்கு இவ்விரண்டுமே சான்றாகிப் போயின. இருந்தாலும் டெக்சாஸ் சோதனையில் கிடைத்த ஆவணங்களே, சிறுமியரிடம் இழைத்த பாலியல் குற்றங்களுக்காக ஜெஃப்ஸுக்கு 2011இல் ஆயுள் தண்டனை கிடைக்க உதவின.

பெண்களுக்கு வழி திறந்ததில் பெரிய பங்கு இந்தச் சோதனைகளைவிட, 2005இல் யூட்டா நீதிமன்றம் அந்த நில அறக்கட்டளையைச் சபையின் பிடியிலிருந்து எடுத்ததற்கே உண்டு என்பது என் கருத்து. அதற்குப் பிறகுதான் சபையை விட்டவர்களும் தாம் வாழ்ந்த வீட்டுக்கு உரிமை கோர முடிந்தது. விலகிச் சென்றவர்கள் சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அவர்களுள் ஒரு பெண் 2017இல் ஹில்டேல் மேயர் தேர்தலில் நின்று வென்றார்.