மறு: புவி அறிவியல் கல்வியில் ‘டைவர்சிட்டி’, ‘இன்க்ளூஷன்’: தமிழில் என்ன?

வணக்கம்.

> “புவியியல் கல்வியில் பன்முகத்தன்மையும் உள்ளடக்கமும்” என்று தலைப்பு வைக்கலாமா?

வைக்கலாம் ஐயா, ஆனால் என் அக்கா மகள் இதைப் பார்த்தால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் பொருளடக்கம் என்றுதான் நினைப்பாள். பள்ளியில் புவியியல் என்றால் ஜியாகரஃபி. அதே தமிழ்நாட்டில் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்று அலுவலகப் பலகையில் எழுதினால் அது ஜியாலஜி. இலங்கையில் ஜியாலஜிக்குப் புவிச்சரிதவியல் என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது, நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை. சரி, இங்கே பாறை, கடல், வளிமண்டலம் எல்லாம் வருவதால் ‘புவி அறிவியல்’ போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை மற்ற இரண்டில்தான்: பலவகை மனிதர்களும் இருப்பது டைவர்சிட்டி, அவர்களைக் கூடச் சேர்த்துக்கொள்வது இன்க்ளூஷன். நம் துறையில் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஏற்கெனவே கல்லுக்குப் போய்விட்டவை. ஜியோடைவர்சிட்டி என்றால் ஓரிடத்துப் பாறை, கனிமம், மண், நில உருவம் இவற்றின் பன்மை. இன்க்ளூஷன் என்றால் ஒரு பாறைக்குள்ளோ படிகத்துக்குள்ளோ மாட்டிக்கொண்ட வேறொரு துண்டு. மாக்மா, அதாவது பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு, மேலே ஏறும்போது வழியில் பெயர்த்து விழுங்கிய துண்டுக்கு ஸீனோலித் என்று பெயர், கிரேக்கத்தில் அயலான் கல் என்று பொருள். மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கும் இதே சொல்லை வைத்தால், விழுங்கிய பிறகும் கரையாமல் தனியாக நிற்கிற அயலான் என்று அர்த்தமாகிவிடும். (சில துறைகளில் நிலைமை அப்படித்தான் இருக்கிறது என்பது வேறு கதை.) ஆகவே கல்லுக்கு ‘உட்பொதிவு’, ‘புவிப்பன்மை’ என்று கொடுத்துவிட்டு மனிதர்களுக்கு வேறு தேடுவோம்.

> இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் போதாதா?

போதாது. டைவர்சிட்டி என்பது தலையை எண்ணிச் சொல்லிவிடக்கூடியது. அமெரிக்காவில் புவி அறிவியலில் முனைவர் பட்டம் பெறுகிறவர்களை எண்ணிப் பார்த்து, பெண்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் இனச் சிறுபான்மையினர் விஷயத்தில் 40 ஆண்டுகளாக முன்னேற்றமே இல்லை என்று 2018இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அது எண்ணிக்கை. மேரி தார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அட்லாண்டிக் கடலடியை வரைந்தவர், நடுவில் ஓடும் பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தவர். ஆனால் அந்த ஆழ அளவுகளை எடுத்த கப்பலில் அவரை ஏற்றவில்லை, பெண் என்பதால். பள்ளத்தாக்கைக் காட்டியபோது கூட வேலை செய்த ஹீசனே முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். தலையை எண்ணினால் தார்ப் கணக்கில் இருக்கிறார், கப்பலில் இல்லை. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என் கதையும் கொஞ்சம் அப்படித்தான். எம்.எஸ்ஸி. படிக்கும்போது காரை என்ற ஊருக்குக் களப்பயணம் போனோம், அரியலூர்ப் பக்கம், செம்மண்ணும் சாம்பல் களியும் மழை அறுத்த ஓடைகளுமாக இருக்கும் இடம். வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், குனிந்தால் பெலம்னைட்டுகள், கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவங்கள், உடைந்த சிலேட்டுக்குச்சி போல. நாங்கள் மூன்று பெண்கள். கூட வந்த ஆசிரியர், “நீங்க பஸ்லயே இருந்து சாம்பிளுக்கு லேபிள் ஒட்டுங்கம்மா” என்றார், அக்கறையாகத்தான். ஓடைக்குள் இறங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள். வருகைப் பதிவேட்டில் நாங்களும் களப்பணி செய்தோம். எங்களில் ஒருத்திக்கு நிலக்கரிச் சுரங்க வேலையில் ஆசை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பெண்களை நிலத்தடியில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு இறங்கலாம் என்று ஒன்றிய அரசு விலக்குக் கொடுத்தது 2019இல்.

இப்படிப் பேருக்குச் சேர்ப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டு, எல்லாரும் தெருவில் விளையாடும்போது கற்றதுதான்: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பான், அவுட் ஆனாலும் கணக்கில்லை. டோக்கனிசத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா தெரியவில்லை, ஆனால் நடக்க முடியாதவரைக் கேலி செய்யும் சொல்லாக இருப்பதால் அகராதியில் போட மனம் வரவில்லை. அந்த ஆட்டத்திலிருந்தே இன்னொன்றை எடுக்கலாம்: “என்னையும் சேத்துக்கோங்க.” சேர்க்கை என்றால் அட்மிஷன் ஆகிவிட்டது. உள்ளடக்கத்தில் ‘அடக்கு’ இருக்கிறது, காண்டென்ட் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரவணைப்பில் யாரோ பெரிய மனது பண்ணுகிறார்கள். அதனால் ‘உடன்சேர்ப்பு’ என்கிறேன். சேர்தல் வந்தவரின் வேலை, சேர்த்தல் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் வேலை. ‘உடன்’ என்றால் கூடவே, பஸ்ஸில் விட்டுவிட்டு அல்ல.

சோதித்துப் பார்ப்போம். பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தது: நடக்க இயலாத மாணவர் வண்டியில் இருப்பார், ஆசிரியர் கேமராவோடு பாறைக்குப் போவார், அங்கேயே அமைத்த கம்பியில்லா இணைப்பில் படம் வரும், பேச்சும் போகும். மாணவர் “இடது பக்கம் அந்த வெள்ளை நரம்பைக் காட்டுங்கள்” என்று சொல்ல முடிந்தால் அது உடன்சேர்ப்பு. வந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எங்கள் பஸ்தான்.

டைவர்சிட்டிக்கு ‘மாந்தப்பன்மை’ போதும் என்று தோன்றுகிறது. பன்முகத்தன்மை நீளம், படிகத்துக்கும் முகங்கள் உண்டு.

இலங்கையில் ‘உட்படுத்தல் கல்வி’ புழங்குகிறது. அங்கே கல்லுக்குள் இருக்கும் துண்டுக்கும் அதே சொல்லா, வேறா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.