ரைனோ ரிவோல்வரில் உருளை இறுகுகிறது, சுத்தியல் நிற்பதில்லை: அவசர உதவி

உவர்மலையான்: வணக்கம். எங்கள் கழகத்தின் ரைனோ ரிவோல்வர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. முதலில் ரவை போடும் உருளை நன்றாகச் சுழல்கிறது. இடையில் திடீரென்று உருளை இறுகி, விசையை இழுக்கவே முடிவதில்லை. சுத்தியலும் இழுத்த இடத்தில் நிற்காமல் முன்னே வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. என்ன செய்யலாம்?

நிலாவெளித்தம்பி: எந்த ரவை அண்ணா? .357ஆ, 9 மி.மீ.யா? ஈயச் சன்னமா, செம்பு உறை போட்டதா? ரவை இல்லாமல் சுழற்றினாலும் இறுகுகிறதா?

கடற்காற்று: உப்புக் காற்றுதான், வேறென்ன! திருகோணமலையில் கடலைப் பார்த்த வீடென்றால் கதவுப் பிணைச்சலே மாரி முடிவதற்குள் துருப்பிடித்துவிடும். முழுவதையும் கழற்றி எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

பழைய ஆயுதசாலை: ஊறப்போடாதீர்கள். துவக்கின் உடற்சட்டம் அலுமினியக் கலவை. துருப்பிடித்தால் உருளையும் குழலும்தான் பிடிக்கும். கையேட்டைப் படித்துவிட்டுக் கேட்கும் வழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. வெளியே தெரிவது சுத்தியலே அல்ல, வெறும் நெம்புகோல். உண்மையான சுத்தியல் உள்ளே இருக்கிறது. நெம்புகோலை இழுத்து விட்டால் அது முன்னே வரத்தான் செய்யும். குறிபார்க்கும் பின்குறிக்குப் பக்கத்தில் சிவப்பு ஊசி எழும்பி நின்றால் சுத்தியல் சுடத் தயாராக ஏறிவிட்டது என்று பொருள். அதைப் பார்க்கத் தெரியாதவர் கையில் இந்தத் துவக்கைக் கொடுப்பது ஆபத்து.

கிழக்குக்குறி: வலுக்குறைந்த ரவையாக இருக்கும். இது பின்னுதைப்பில் தானே சுழலும் வகை அல்லவா?

பழைய ஆயுதசாலை: அது மட்டேபா ஊனிக்கா என்ற வேறு ரிவோல்வர். இரண்டையும் வடிவமைத்ததில் எமிலியோ கிசோனிக்குப் பங்குண்டு, இரண்டும் உருளையின் கீழறையிலிருந்துதான் சுடும். ஒற்றுமை அதோடு முடிந்தது. ரைனோவை உங்கள் விரல்தான் சுழற்றுகிறது.

கிழக்குக்குறி: கிசோனியின் முழுத் திறமையும் ஊனிக்காவில்தான் இருக்கிறது. அதன் மேற்பகுதியே பின்னகர்ந்து உதைப்பை வாங்கிக்கொள்ளும்.

பழைய ஆயுதசாலை: நகரும் பாகம் கூடினால் துடைக்க வேண்டிய இடமும் கூடும். குழலைத் தாழ்த்தியதாலேயே ரைனோவின் குழல்வாய் அதிகம் துள்ளுவதில்லை. அது போதும்.

நிலாவெளித்தம்பி: ஐயா, அதை வேறு இழையில் பேசுவோம். அண்ணா, நான் கேட்டவை?

உவர்மலையான்: 9 மி.மீ. வெறும் உருளை இறுகவில்லை.

நிலாவெளித்தம்பி: அப்படியானால் மூன் கிளிப்பைப் பாருங்கள். 9 மி.மீ. ரவைக்குப் புடைத்த விளிம்பு இல்லாததால் அந்த மெல்லிய தகடுதான் ரவைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. வெற்றுக் கோதுகளைக் கையால் முறுக்கிக் கழற்றும்போது தகடு வளையும். வளைந்த பக்கம் வரும்போது ரவையின் அடி பின்சுவரில் உரசி உருளையை நிறுத்திவிடும். கோதுகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கிளிப்பைக் கண்ணாடி மேல் வையுங்கள். ஆடினால் நிமிர்த்த முயலாதீர்கள், எறிந்துவிடுங்கள். கோதுகளை வெளித்தள்ளும் நட்சத்திர வடிவப் பாகத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் இருந்தாலும் இதே தொல்லைதான். பழைய பல்தூரிகையால் உலரத் துடைத்தால் போதும். கோதுகளைத் தள்ளும்போது குழல்வாய் மேல்நோக்கி இருந்தால் துகள் அங்கே விழாது. இன்னொன்று, குழல் தாழ்வாக இருப்பதால் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சீறும் சூடான வாயுவும் கீழேதான் வரும். தாங்கும் கையின் விரல்களை உருளைக்கு முன்னே நீட்டாதீர்கள்.

கடற்காற்று: அப்படியென்றால் எண்ணெயே வேண்டாமா? தேங்காய் எண்ணெய் கொஞ்சம்...

பழைய ஆயுதசாலை: வேண்டவே வேண்டாம். அது நாள்பட்டால் கெட்டுப் பிசுபிசுக்கும். துவக்குக்கான மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு வெளியே துடையுங்கள்.

உவர்மலையான்: ஒரு கிளிப் ஆடியது, ஒதுக்கிவிட்டேன். இன்று கடைசிச் சுற்று வரை இறுகவில்லை. ஊசியும் தெரிகிறது. நன்றி தம்பி.